ஐம்பதாயிரம் டாலரும் அரைக் குடம் கொதிநீரும்: டிராக் டேக்கு எந்த அமெரிக்கக் கார்?

ஐந்து வருடம் முன்னால் இதை எழுதியிருந்தால் பட்டியல் நீளமாக இருந்திருக்கும். 2023 டிசம்பரில், ஒரே மாதத்தில், செவ்ரலே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் கடையைக் கட்டிவிட்டன. இன்று அமெரிக்காவில் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்து, "உள்ளூர் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், பின்சக்கரம்தான் இழுக்க வேண்டும், மாதம் ஒருநாள் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவேன், அதற்காக வீட்டை அடகு வைக்க மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஃபோர்டு மஸ்டாங்கில் மூன்று வகைகளைக் காட்டுவார்கள். கையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் செவ்ரலே கார்வெட். காடிலாக்கில் நாலு கதவுக்காரர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

டிராக் டே பந்தயம் கிடையாது. ஜெயித்தவர், தோற்றவர், கோப்பை எதுவும் இல்லை. வாடகைக்கு எடுத்த ரேஸ் டிராக்கில் அவரவர் காரை அவரவர் ஓட்டுவதுதான். அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். ஒரு செஷன் 20 நிமிடம், சில இடங்களில் 30. முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம். புதியவர்களின் பக்கத்து சீட்டில் பல இடங்களில் ஒரு பயிற்றுநர் உட்காருவார். எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்பு வாரநாள் மாலைகளில் நடத்தும் 'டிராக் நைட் இன் அமெரிக்கா' போன்ற நிகழ்ச்சிகளில் அதிகச் செலவில்லாமல் கால் நனைத்துப் பார்க்கலாம். பிடித்துப்போனால் வர்ஜீனியாவில் விஐஆர், விஸ்கான்சினில் ரோடு அமெரிக்கா, கலிஃபோர்னியாவில் லகூனா சேக்கா என்று பெயர்பெற்ற டிராக்குகள்மேல் ஆசை வளரும்.

எல்லோரும் முதலில் பார்ப்பது குதிரைசக்தியை. என் முதல் டிராக் நாள்வரை நானும் அப்படித்தான். வளைவுக்குள் எப்படி வேகம் எடுப்பது என்று இரவெல்லாம் யோசித்துவிட்டுப் போனேன். மூன்றாவது செஷனில், நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் ஈரப் பஞ்சை மிதித்ததுபோலத் தரைவரை போயிற்று. பக்கத்தில் இருந்த பயிற்றுநர் குரலை உயர்த்தவே இல்லை. "இரண்டு தடவை பம்ப் பண்ணு. சரி. இனி இந்தச் சுற்று (லேப்) முழுக்க பிரேக்கைத் தொடாதே, காற்றே குளிர வைக்கட்டும்" என்றார். காரில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடமாக பிரேக் திரவத்தை மாற்றாதது என் குறை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,750 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன் 80-க்கு இறங்க வேண்டும். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் கணக்கின்படி சுமார் இரண்டேகால் மெகா ஜூல் எங்காவது போயாக வேண்டும். அரைக் குடம் தண்ணீரை, ஏழு லிட்டருக்கு மேல், குழாய்த் தண்ணீர்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகிற வெப்பம் அது. வீட்டு அடுப்புக்கு அரை மணி நேர வேலை. பிரேக் அதை மூன்றரை விநாடியில் செய்கிறது, பிறகு அடுத்த லேப்பில் மறுபடி செய்கிறது. காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும். மீதி முழுக்க, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடிலும்தான் இறங்கும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நான் மிதித்தது திரவத்தை அல்ல, குழாய்க்குள் இருந்த நீராவியை.

எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ், இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் இதே சூட்டுக் கதைதான். பெரிய கம்பெனிகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. மஸ்டாங்கின் வேக வகையான 2016 ஷெல்பி ஜிடி350-இல் டிராக் பேக்கேஜ் வாங்காதவர்களுக்கு, எண்ணெயைக் குளிரவைக்கும் கூடுதல் கூலர்களை ஃபோர்டு கொடுக்கவில்லை. டிராக்கில் சூடு ஏறியதும் கார் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கும் 'லிம்ப் மோடு'க்குப் போய் முடங்கியது; உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள்; 2017 முதல் கூலர்கள் எல்லாக் காரிலும் வந்தன. ஏழாம் தலைமுறை கார்வெட்டின் வேக வகையான இசட்06-ம் சூட்டுப் பிரச்சினையில் நீதிமன்றம் பார்த்ததுதான். அதனால் புதுக் கார் விளம்பரத்தில் நான் முதலில் தேடுவது கூலர், அடுத்தது பிரேக், அதற்கடுத்தது முன்சக்கர டயரின் அகலம். குதிரைசக்தி நாலாவது.

இந்தக் கண்ணோடு மஸ்டாங்கைப் பார்ப்போம். 2024 மாடலாக வந்த இப்போதைய தலைமுறையில், 2.3 லிட்டர் டர்போ எஞ்சினுள்ள ஈகோபூஸ்ட்தான் ஆரம்ப விலைக் கார். 315 குதிரைசக்தி, மூக்கில் எடையும் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேனுவல் கியர் கிடையாது, பத்து கியர் ஆட்டோமேடிக் மட்டும். தவிர, சின்ன டர்போ எஞ்சினை வெயில் நாளில் 20 நிமிடம் தொடர்ந்து கசக்கினால் சக்தி சோர்ந்துபோகும். வாகன நிறுத்துமிடத்தில் கூம்பு வைத்து நடத்தும் ஆட்டோகிராஸுக்கு அழகான கார். முழு டிராக்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த மஸ்டாங்கான ஜிடியில்தான் விஷயம் இருக்கிறது. 5 லிட்டர் வி8, 480 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேலும் மூச்சு வாங்காமல் ஏறும் எஞ்சின். சாதாரண ஜிடியை அப்படியே டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பெர்ஃபார்மன்ஸ் பேக்கைச் சேர்த்தால் முன்னால் 390 மில்லிமீட்டர் பிரெம்போ பிரேக், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் டோர்சன் டிஃபரன்ஷியல், எஞ்சின் எண்ணெய்க்குத் தனிக் கூலர், பின்னால் அகல டயர் எல்லாம் வருகின்றன. விலை 50,000 டாலரைத் தாண்டும். தாண்டினாலும் இந்தப் பணம் டிராக்கில் கண்ணுக்குத் தெரிகிற பணம். அந்தப் பேக்கோடு டிரிஃப்ட் பிரேக் என்று ஒரு கைப்பிடியும் வருகிறது. காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வீடியோ எடுக்கலாம். டிராக் டேயில் இழுத்தால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

குறை எங்கே என்றால், முன் டயரில். எடையில் பாதிக்கு மேல் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திருப்ப வேண்டிய டயரின் அகலம் வெறும் 255 மில்லிமீட்டர். வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டால் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். தொழிற்சாலை அலைன்மென்டில் கேம்பர், அதாவது டயரின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கோணம், குறைவு என்பதால் முன் டயரின் வெளி விளிம்புதான் முதலில் கரையும். செஷன்களுக்கு நடுவில் கார்கள் நிற்கும் பாடக்கில் மஸ்டாங்க்காரர்கள் குனிந்து டயரின் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். அந்தச் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் மாட்டி மூக்கைச் சரிசெய்துவிட்டால் அது வேறு கார்.

மூன்றாவது மஸ்டாங்கான டார்க் ஹார்ஸ் அந்தக் குறையைத் தொழிற்சாலையிலேயே தீர்க்க வந்தது. 500 குதிரைசக்தி, ஜிடியில் இருப்பதைவிட உறுதியான டிரெமெக் ஆறு கியர் மேனுவல், டிஃபரன்ஷியலுக்கும் கூலர். ஹேண்ட்லிங் பேக்கேஜும் எடுத்தால் முன்னால் 305, பின்னால் 315 அளவில் பைரெல்லி ட்ரோஃபியோ ஆர்எஸ் டயர். காய்ந்த தரையில் அந்த டயரின் பிடி கோந்துபோல இருக்கும். மழை பெய்தால் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போதே வயிற்றைக் கலக்கும். விலை 60,000 டாலருக்கு மேல். நான் இதில் தயங்குவதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. இந்த டயர் தவறை மறைக்கும். கற்றுக்கொள்கிற முதல் இரண்டு வருடம், டயர் கீச்சிட்டு "போதும்" என்று சொல்ல வேண்டும். பிடி அதிகமானால் அது சொல்கிற வேகமும் அதிகம், அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. ஏற்கெனவே நாலைந்து வருடம் ஓட்டியவர், தானே பிரித்துப் பூட்ட நேரமில்லாதவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கார்வெட்டுக்கு வருகிறேன். எட்டாம் தலைமுறை, எஞ்சின் முதுகுக்குப் பின்னால். டிராக்கில் இதுதான் இந்தக் கூட்டத்தில் சிறந்த கார். இதில் வாதமே இல்லை. எடை முன்னால் ஏறத்தாழ 40, பின்னால் 60 என்று பிரிவதால், மூக்கை வளைவுக்குள் காட்டினால் போதும், சண்டை போடாமல் போகிறது. வெளியே வரும்போது பின்சக்கரம் தரையைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறது. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து எஞ்சினுக்கு அனுப்பும் டிரை சம்ப் அமைப்பு, கார்வெட்டின் ஆரம்ப வகையான ஸ்டிங்ரே எல்லாவற்றிலும் உண்டு, அதனால் நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் வறண்டுபோகும் கவலை குறைவு. இசட்51 பேக்கேஜ் சேர்த்தால் பெரிய பிரேக், மின்னணு டிஃபரன்ஷியல், கூடுதல் குளிரூட்டல், 495 குதிரைசக்தி. டிராக்குக்குப் போகிறவர் என்ன அலைன்மென்ட் வைக்க வேண்டும் என்று கம்பெனியே தனி அளவு கொடுத்திருக்கிறது. பஹ்ரம்ப், நெவாடாவில் கார்வெட்டுக்கென்றே ஓட்டுநர் பள்ளியும் நடக்கிறது.

ஆனால் 'கைக்கு அடக்கமான' என்ற சொல் இங்கே நழுவத் தொடங்குகிறது. 2020-இல் வந்தபோது ஆரம்ப விலை 59,995 டாலர். இன்று 70,000-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இசட்51 அதற்கு மேல். கிளட்ச் பெடல் கிடையாது. எட்டு கியர் இரட்டைக் கிளட்ச் மட்டும். லேப் டைமுக்கு அது நல்லது, கால் சும்மா இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு சின்ன விஷயத்தை யாரும் எழுத மாட்டார்கள்: டிராக் டயர் நான்கையும் சக்கரத்தோடு தனியாகக் கொண்டுபோக வேண்டுமானால் கார்வெட்டில் இடமே இல்லை. மஸ்டாங்கில் பின்சீட்டை மடக்கி, ஜாக்கியும் டூல் பாக்ஸும் சேர்த்துத் திணித்துக்கொண்டு போய்விடலாம். கார்வெட்காரர் சிறு டிரெய்லர் வாங்குவார், அல்லது ஓட்டிவந்த டயரிலேயே ஓட்டித் திரும்புவார். முன்னும் பின்னும் டயர் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்கவும் முடியாது.

காடிலாக் சிடி4-வி பிளாக்விங்: 472 குதிரைசக்தி, இரட்டை டர்போ வி6, ஆறு கியர் மேனுவல், நாலு கதவு. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு டிராக்குக்குப் போகலாம். கமாரோவின் அதே ஆல்ஃபா அடித்தளத்தில் வந்தது என்பதால் மூக்கு திரும்புகிற விதம் இரத்தத்திலேயே இருக்கிறது. விலை டார்க் ஹார்ஸ் பக்கம். புது டாட்ஜ் சார்ஜர் இரண்டு டன்னுக்கு மேல். மேலே போட்ட கொதிநீர்க் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கார் பற்றித்தான் பேச்சு என்றாலும், போனவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கமாரோவின் டிராக் வகையான எஸ்எஸ் 1எல்இ. 6.2 லிட்டர் வி8, 455 குதிரைசக்தி. முன்னால் 285, பின்னால் 305 டயர். ஆறு பிஸ்டன் பிரெம்போ, காந்தத்தால் இறுக்கம் மாறும் டாம்பர் (ஷாக் அப்சார்பர்), மின்னணு டிஃபரன்ஷியல், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனிக் கூலர், ரெக்காரோ சீட். இது எல்லாம் சேர்ந்து புதிதாக 50,000 டாலரை ஒட்டிக் கிடைத்தது. ஜன்னல் பதுங்கு குழி மாதிரி, பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. அதனால்தான் கடைத்தெருவில் விற்கவில்லை. டிராக்கில் யார் பின்னால் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள், முந்த வருகிறவருக்குக் கை காட்ட வேண்டுமே. அந்த ஒரு சங்கடத்தைத் தவிர, இந்த விலையில் இதைவிட முழுமையாக யாரும் டிராக் காரைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பவில்லை என்பது என் கட்சி.

வாங்கிய பிறகு வரும் செலவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலைப்பட்டியலில் அது இருக்காது. இந்த எடைக்கும் அகலத்துக்கும் ஒரு செட் டயர் 1,500 டாலருக்குக் குறையாது. வேகமாக ஓட்டக் கற்றுக்கொண்டதும் ஒரு வருடத்தில் இரண்டு செட்கூடக் கரையும். பேட், டிஸ்க், திரவம் தனி. ஹெல்மெட் கார் ஓட்டத்துக்கான எஸ்ஏ தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சாதாரண கார் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் செல்லாது. அந்த ஒரு நாளுக்கென்று தனிக் காப்பீடு விற்கிறார்கள். 75,000 டாலர் கார்வெட்டைச் சுவரில் வைத்தால் என்ன ஆகும் என்ற நினைப்போடு வளைவுக்குள் போகிறவர் மெதுவாகத்தான் போவார். 50,000 டாலர் மஸ்டாங்கில் அந்த நினைப்பு கொஞ்சம் குறையும், மிச்சப் பணத்துக்கு இரண்டு மூன்று சீசன் ஓட்டலாம்.

எனக்குப் புதுக் கார்தான் வேண்டும் என்றால் ஜிடி, மேனுவல், பெர்ஃபார்மன்ஸ் பேக், வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். பழையது பரவாயில்லை என்றால் அதே பணத்துக்கும் குறைவாக, முந்தைய உரிமையாளரின் டயர் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு 1எல்இ. இரண்டில் எது வந்தாலும் வீட்டுக்கு ஓட்டிவந்த வாரமே நல்ல பிரேக் திரவம் ஊற்றுவேன், டிராக் பேட் மாற்றுவேன், சக்கர நட்டை அளவாக முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி டிக்கியில் போடுவேன். வேறு எதையும் முதல் வருடம் தொடப்போவதில்லை.