குரலா, கையா, விசிலா: நாயிடம் எது எடுபடுகிறது?

நாயிடம் ஒன்றைச் சொல்ல நம்மிடம் இருக்கும் வழிகள் அதிகமில்லை. வாயால் சொல்லலாம், கையால் காட்டலாம், விசில் ஊதலாம், அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கரைத் தட்டலாம், கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் மின்பட்டையை மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தலாம். ஐந்துக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் ஓயாத சண்டையும் இருக்கிறது. அந்தச் சண்டையில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி, எதிர்முனையில் இருக்கும் காதும் கண்ணும் எப்படிப்பட்டவை என்பது. அதை வைத்து எடை போட்டால், நாம் பிறவியிலிருந்து நம்பும் குரலுக்கு முதலிடம் கிடைப்பதில்லை.

குரலும் கையும்

இத்தாலியில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் பியாஜியோ டி'அனியெல்லோவும் அவரது குழுவினரும் இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தார்கள். குரல் கட்டளைக்கும் கை சைகைக்கும் பழகிய நாய்களிடம் இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது, சைகைக்குத் தவறுகள் குறைவாக இருந்தன. அப்புறம் வேண்டுமென்றே முரணாகக் கொடுத்தார்கள்: வாய் ஒன்று சொல்லும், கை இன்னொன்று காட்டும். பெரும்பாலான சமயங்களில் நாய்கள் கை சொன்னதைத்தான் கேட்டன.

இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. மனிதக் கையைப் படிப்பது நாய்க்குப் பாதி பிறவியிலேயே வந்துவிடுகிறது. பிரையன் ஹேரும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மனிதர் சுட்டிக்காட்டியதைப் புரிந்துகொள்வதில் நாய்கள் சிம்பன்சிகளையும் ஓநாய்களையும் முந்தின. 2021-இல் அமெரிக்காவில், சேவை நாய்களாக வளர்க்கப்படும் 375 குட்டிகளை ஏறக்குறைய 8 வார வயதில் சோதித்தார்கள். சுட்டும் விரலைப் பின்தொடரும் திறனில் குட்டிக்குக் குட்டி இருந்த வித்தியாசத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் மரபணு வழி வந்தது என்று கணக்கிட்டார்கள். மனித வீட்டில் அப்போதுதான் காலெடுத்து வைக்கும் வயது அது. நாம் பாடம் எடுக்கத் தொடங்கும் முன்பே குட்டி நம் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால் கையைக் காட்டுவதிலும் முறை இருக்கிறது. நாயின் கண் நுணுக்கத்தில் நம்முடையதைவிட மட்டம். நல்ல பார்வை உள்ள மனிதர் 75 அடி தூரத்திலிருந்து பிரித்தறிவதை, நாய் சுமார் 20 அடிக்கு வந்தால்தான் பிரித்தறியும். அசைவு விஷயத்தில் கதை மாறுகிறது. காவல் நாய்களை வைத்துச் செய்த ஒரு பழைய சோதனையில், அசையும் இலக்கை 800 மீட்டருக்கு அப்பாலிருந்தும் கண்டுகொண்ட நாய்களுக்கு, அதே இலக்கு அசையாமல் நின்றபோது 600 மீட்டருக்குள் வந்தால்தான் தெரிந்தது. ஆகவே தூரத்தில் விரலை நீட்டிக்கொண்டு நிற்பது வீண். முழுக் கையையும் தோளிலிருந்து வீச வேண்டும்.

நிறத்தையும் யோசிக்கலாம். ஜே நைட்ஸும் சகாக்களும் 1989-இல் காட்டியபடி, நாயின் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் இரண்டே வகை. ஒளியின் அலைநீளத்தில் ஒன்று 429 நானோமீட்டர் பக்கம் கூர்மையாக இருக்கிறது, மற்றது 555 பக்கம். நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரியும், சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பும். பயிற்சிக்கென்று பளிச்சென்ற சிவப்புச் சட்டையோ கையுறையோ வாங்குபவர்கள், புல்வெளிப் பின்னணியில் அதை எடுப்பாகப் பார்ப்பது தங்கள் கண் மட்டும்தான் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கைக்கு ஒரே ஒரு பெரிய பலவீனம்: நாய் நம் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அதன் பார்வை வீச்சு நம்முடையதைவிட அகலம், சுமார் 240 பாகை. பக்கவாட்டில் நின்றாலும் தெரியும். தலை புதருக்குள் இருந்தால் 360 பாகை இருந்தும் பயனில்லை.

குரலின் பலமே அங்கேதான் இருக்கிறது. நாய் முதுகு காட்டி நின்றாலும், இருட்டிலும், சுவருக்கு அந்தப் பக்கமும் போகும். சொற்களையே நாய் கற்றுக்கொள்ளாது என்றும் இல்லை. ரிக்கோ என்ற பார்டர் கோலி 200-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பெயர் சொன்னதும் எடுத்துவந்தது என்று 2004-இல் ஆய்விதழில் பதிவானது. சேஸர் என்ற இன்னொரு பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர் தெரியும் என்று ஜான் பில்லியும் ஆலிஸ்டன் ரீடும் 2011-இல் எழுதினார்கள். சேஸருக்குப் பின்னால், பல ஆண்டுகள் தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அதை வைத்து மற்ற நாய்களை அளப்பது நியாயமில்லை.

வீடுகளில் நடப்பது வேறு. ஒருவர் "வா" என்பார், இன்னொருவர் "இங்க வாடா செல்லம்" என்பார், மூன்றாமவர் பெயரை மட்டும் நாலு தடவை கத்துவார். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்று என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு அவை மூன்று வெவ்வேறு ஒலிகள்.

ஒலியின் வடிவத்துக்கே ஒரு விளைவு உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் பாட்ரிசியா மெக்கானல் 1980-களில் பல நாடுகளின், பல மொழிகளின் விலங்குப் பயிற்சியாளர்களைப் பதிவுசெய்து பார்த்தார். விலங்கை வேகப்படுத்தக் குட்டையான, அடுத்தடுத்து வரும் ஒலிகளையும், நிறுத்தவோ தணிக்கவோ நீளமான ஒற்றை ஒலியையும் பயன்படுத்துவது எல்லா இடத்திலும் பொதுவாக இருந்தது. பிறகு நாய்க்குட்டிகளிடம் சோதித்தார். வரச்சொல்லிப் பழக்குவதற்கு, நீண்டு இறங்கும் ஒரு விசிலைவிட ஏறுமுகமான நான்கு குட்டை விசில்கள் நன்றாக வேலை செய்தன. நாய் தெருக்கோடியில் ஓடும்போது நாம் என்ன செய்கிறோம்? மூச்சை இழுத்து, கோபத்தோடு, "வாஆஆஆ" என்று நீட்டுகிறோம். வேகமாக வரவேண்டிய நேரத்தில் நிதானிக்கச் சொல்லும் ஒலியைக் கொடுக்கிறோம்.

பாராட்டில் மட்டும் குரலுக்கு ஈடில்லை. ஆட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் புடாபெஸ்ட்டில் 13 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி (அதுவே ஒரு சாதனைதான்), பயிற்சியாளரின் குரலைக் கேட்கவைத்தார்கள். பாராட்டுச் சொல், பாராட்டும் தொனி, இரண்டும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையின் வெகுமதிப் பகுதி சுறுசுறுப்பானது. சலிப்பான குரலில் சொன்ன பாராட்டும், கொஞ்சும் குரலில் சொன்ன வெற்றுச் சொல்லும் அந்த வேலையைச் செய்யவில்லை.

என் தேர்வு இது: கற்றுக்கொடுக்கக் கை, பாராட்டக் குரல். சைகையில் ஒன்று உறுதியாகப் படிந்த பிறகு குரலை இணைக்கலாம். அப்போதும் முதலில் குரல், ஒரு நொடி இடைவெளி, பிறகு கை. இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால் நாய் கையை மட்டும் எடுத்துக்கொண்டு குரலை விட்டுவிடும்.

விசில்: கேட்பதா, கேட்காததா?

தூரத்துக்கு விசில்தான் என்பதில் பெரிய விவாதம் இல்லை. எரிச்சல், பயம், அவசரம் எதுவும் அதில் ஒட்டாது. வீட்டில் யார் ஊதினாலும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஆட்டு மந்தைகளோடு வேலை செய்யும் மேய்ப்பர்கள் தலைமுறைகளாக அதைப் பயன்படுத்துவதற்கு வேறு சான்று தேவையில்லை. விவாதம் மனிதக் காதுக்குக் கேட்காது என்று விற்கப்படும் 'அமைதி விசில்' பற்றியது.

அதன் பூர்வீகம் சுவாரசியமானது. ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1876-இல் இதை உருவாக்கினார். கைத்தடியின் முனையில் பொருத்தி, விலங்குக் காட்சிசாலையில் கூண்டு கூண்டாக ஊதிப் பார்த்தார். தெருக்களில் நடந்தபடி நாய்களிடமும் ஊதினார். சின்ன நாய்கள் திரும்பிப் பார்த்தன, பெரிய நாய்கள் அசையவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தெருக்களில் சோம்பிக் கிடந்த பெரிய நாய்களிடம் மணிக்கணக்கில் முயன்றும் ஒன்றுக்குக்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை என்று எழுதிவைத்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1983-இல், ஹென்றி ஹெஃப்னர் சிவாவா முதல் செயின்ட் பெர்னார்ட் வரை வெவ்வேறு அளவிலான நாய்களின் கேட்கும் திறனை ஆய்வகத்தில் அளந்தார். கேட்கும் அதிர்வெண்ணின் உச்ச வரம்பு எல்லாவற்றுக்கும் 41 முதல் 47 கிலோஹெர்ட்ஸுக்குள் இருந்தது. உடல் அளவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மனிதருக்கு அந்த வரம்பு சுமார் 20. பெர்ன் நாய்களுக்குக் காது கேட்டிருக்கும், திரும்பிப் பார்க்கத்தான் காரணம் இருந்திருக்காது.

நாய்க்குக் கேட்கும் என்பது சரி. சாதாரண விசிலைவிட நல்லதா? இல்லை என்பேன். அதிர்வெண் ஏற ஏறக் காற்று அந்த ஒலியை வேகமாக விழுங்கும், மரமும் சுவரும் எளிதில் தடுக்கும். விசிலை வாங்குவதே தூரத்துக்குத்தான் என்னும்போது, தூரம் போகாத ஒலியைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. தவிர, ஊதுபவருக்கே கேட்காத கருவியில், ஒவ்வொரு முறையும் ஒரே சுருதி வருகிறதா, சுருதியை மாற்றும் திருகு நகர்ந்துவிட்டதா என்பதெல்லாம் தெரியாது. அக்கம்பக்கத்தாரின் தூக்கம் கெடாது என்பது மட்டும் அதன் உண்மையான சாதகம்.

கிளிக்கர்

இதை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைப்பதே கொஞ்சம் தவறு. கிளிக்கர் கூப்பிடும் கருவி அல்ல. 'நீ இப்போது செய்தாயே, அதுதான் சரி, தின்பண்டம் வருகிறது' என்று அந்தக் கணத்தைக் குறித்துக் காட்டும் கருவி. நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1940-களில் விலங்குப் பயிற்சியைத் தொழிலாக்கியபோது இந்த எண்ணம் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தது. டால்பின் பயிற்சியாளராக இருந்த கேரன் பிரையர் 1990-களில் நாய் வளர்ப்பவர்களிடம் அதைப் பரவலாக்கினார்.

கிளிக்கர் ரசிகர்கள் சொல்லும் அளவுக்கு அதில் மாயம் இருக்கிறதா? இத்தாலியில் சிந்தியா கியாந்தெட்டி குழுவினர் 51 நாய்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கிளிக்கர், ஒன்றுக்கு 'பிராவோ' என்ற சொல், ஒன்றுக்கு எந்த ஒலியும் இல்லாமல் தின்பண்டம் மட்டும் என்று பழக்கினார்கள். கற்றுக்கொண்டதில் வித்தியாசம் தெரியவில்லை. பாசென்ஜி இன நாய்களை வைத்து 2008-இல் வெளியான ஆய்விலும் கிளிக்கர் பயிற்சி நேரத்தைக் குறைக்கவில்லை. வெகுமதி நின்ற பிறகும் பழக்கம் கொஞ்சம் கூடுதலாக நிலைத்தது, அவ்வளவுதான். கிளிக்கரால் பழகுவது நாயைவிட அதைப் பிடித்திருக்கும் கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியான கணத்தில் அழுத்த வேண்டும் என்பதற்காகவே மனிதர் கவனமாகப் பார்க்கத் தொடங்குகிறார். அந்தக் கவனம் ஏற்கெனவே இருப்பவருக்கு ஒரு குட்டைச் சொல்லே போதும். ஒலிக்கு மிரளும் நாய் என்றால் கிளிக்கரே வேண்டாம்.

மின்பட்டை

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் ஷால்கே குழுவினர் பீகிள் நாய்களிடம் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. எதைச் செய்தால் அதிர்ச்சி விழும் என்று துல்லியமாகப் புரிந்துகொள்ள முடிந்த நாய்களிடம் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனான கார்ட்டிசோல் பெரிதாக ஏறவில்லை. எப்போது, எதற்கு என்றே தெரியாமல் வாங்கிய நாய்களிடம் மிக அதிகமாக ஏறியது. ஆதரவாளர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தத் துல்லியம் ஆய்வகத்தில் சாத்தியம். புதர், காற்று, முயல், தாமதமாக அழுத்தும் கட்டைவிரல் எல்லாம் சேர்ந்த வெளியில் பெரும்பாலும் இரண்டாம் பாதிதான் நடக்கும். பலனாவது கூடுதலா என்றால், இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 63 நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கூப்பிட்டால் வரும் பழக்கத்துக்கு வெகுமதிப் பயிற்சி மின்பட்டைக்குச் சளைக்கவில்லை, சிலவற்றில் முந்தியது. வேல்ஸ் 2010-லேயே இதைத் தடைசெய்துவிட்டது. அதிர்ச்சி இல்லாமல் அதிர்வு மட்டும் தரும் பட்டை வேறு ரகம், அதைக் கீழே பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான போட்டியாளர்

கை, குரல், விசில் மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுவதாக நினைக்கிறோம். உண்மையான போட்டி மூக்கோடு. நாயின் மூக்கில் மோப்ப உணர்செல்கள் 20 கோடிக்கு மேல், நமக்கு அதில் சிறு பங்குதான் என்பதை எல்லோரும் சொல்வார்கள் (நமக்கு 50, 60 லட்சம் இருக்கும், அதுவும் சும்மா இல்லை). எண்ணிக்கையைவிட முக்கியம், நாய் அதைப் பயன்படுத்தும் விதம். மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை போல் இழுக்கிறது. உள்ளே போகும் காற்றில் ஒரு பகுதி மூச்சுக்குப் போகாமல் மோப்பத்துக்கென்றே பின்னால் ஒதுங்கியிருக்கும் அறைக்குப் பிரிந்து போகிறது. வெளிவிடும் காற்று பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போவதால் புது வாசனை கலையாமல் வந்துகொண்டே இருக்கிறது.

அந்த நிலையில் இருக்கும் நாய் கூப்பிட்டும் வரவில்லை என்றால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் பின்னால் வரும் பரிசு மோப்பத்தைவிட ருசியாக இருக்க வேண்டும், அல்லது மோப்பமே பரிசாக வேண்டும். வந்த நாய்க்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு "போ, மோந்து பார்" என்று அதே புதருக்கு அனுப்பிவிடுவது, கயிற்றைப் பிடித்து இழுப்பதைவிட நீண்ட நாள் பலன் தரும்.

கடைசியாக, வயது. முதுமையில் நாயின் செவித்திறன் உயர் அதிர்வெண்களில்தான் முதலில் சரியத் தொடங்குகிறது. அமைதி விசிலை மட்டும் நம்பியவருக்கு அது முதலில் கைவிடும், சாதாரண விசிலும் குரலும் பிறகு. குட்டியிலேயே சைகை பழகிய நாய்க்கு அப்போதும் ஒரு வழி திறந்திருக்கும். டால்மேஷியன் போல் பிறவிச் செவிடு அதிகம் காணப்படும் இனங்களில் முதல் நாளிலிருந்தே கைதான் மொழி, 'என்னைத் திரும்பிப் பார்' என்று சொல்ல மட்டும் அதிர்வுப் பட்டை. அதையும், அதிர்ந்ததும் தின்பண்டம் வரும் என்று வீட்டுக்குள் பல நாள் பழக்கிய பிறகே வெளியில் பயன்படுத்த வேண்டும்.