பேட்டரிப் பெட்டியா, தூண் ஸ்பீக்கரா, ஸ்டாண்டில் இரண்டா?

ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம். கேட்க நூறு, நூற்றைம்பது பேர். வரவேற்பு, நிச்சயதார்த்தம், கோயில் மண்டபம் என்று போகும் இப்படிப்பட்ட குழு சொந்தமாக ஸ்பீக்கர் வாங்க இறங்கினால் மூன்று வழிகள் உண்டு: பேட்டரியில் ஓடும் பெட்டி, தூண் போல ஒல்லியாக நிற்கும் ஸ்பீக்கர், ஸ்டாண்டில் ஏற்றும் இரண்டு ஸ்பீக்கர். மூன்றில் எது என்பதை முடிவு செய்வது மிருதங்கமும், பாடகர் மைக்கை எவ்வளவு தள்ளி வைத்துப் பாடுகிறார் என்பதும்தான். பெட்டியில் அச்சடித்த வாட் கணக்கு அல்ல. வாட் இரட்டிப்பானால் ஒலி அளவு கூடுவது 3 டெசிபல் மட்டுமே, காதுக்கு அது சிறிய வித்தியாசம்தான்.

பேட்டரிப் பெட்டிகளில் போஸ் எஸ்1 புரோ சுமார் 7 கிலோ, ஜேபிஎல் இயான் ஒன் காம்பாக்ட் 8 கிலோ. ஒரு கையில் தூக்கலாம். மொட்டை மாடி, கரோக்கி, நாற்பது பேர் என்றால் இதுவே போதும். மிருதங்கம் சேர்ந்ததும் தடுமாறும். மிருதங்கத்தில் பலமான அடி விழும்போது, ஸ்பீக்கர் கெடாமல் காக்க உள்ளிருக்கும் லிமிட்டர் மொத்த ஒலியையும் அமுக்கும். ஒவ்வொரு அடிக்கும் பாட்டுக்குரல் உள்ளே போய் வெளியே வரும். எஸ்1 புரோவின் முதல் மாடலில் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) கிடையாது, அதனால் அந்த மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக் அதில் வேலை செய்யாது.

தூண் ஸ்பீக்கரின் அழகே வேறு. போஸ் எல்1 புரோ8 பக்கவாட்டில் 180 டிகிரிக்கு ஒலியைப் பரப்பும். மேலும் கீழும் குறைவாகவே போகும். டைல்ஸும் கான்கிரீட்டுமாக எதிரொலிக்கும் மண்டபத்தில் இதனால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். கலைஞர்களுக்குப் பின்னால் வைத்தால் அதுவே மானிட்டராகவும், அதாவது அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஸ்பீக்கராகவும், ஆகும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. நமக்குச் சிக்கல் வருவதும் அங்கேதான். பாடகர் சபையைப் பார்த்து உட்கார்ந்தால் மைக்கின் முன்முகம் பின்னால் நிற்கும் தூணைப் பார்க்கும். உதட்டோடு ஒட்டிப் பாடும் மெல்லிசைக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. கர்நாடக சங்கீதத்தில் மைக் ஒரு சாண் தள்ளியிருக்கும். வாய்க்கும் மைக்குக்குமான தூரம் 5 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ. ஆனாலே 12 டெசிபல் போய்விடும். அதை ஈடுகட்ட கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் குமிழை) ஏற்றினால், மைக் தூணின் ஒலியையே திரும்பப் பிடித்துக் கூவும். தூணை இரண்டு மீட்டர் பின்னாலும் ஒரு மீட்டர் பக்கவாட்டிலும் நகர்த்தினால் கொஞ்சம் தப்பலாம். அப்படியும் கூவினால் மேடைக்கு முன் ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்போது மானிட்டர் வசதி போச்சு.

அதனால் இந்தக் குழுவுக்கு எங்கள் பரிந்துரை, ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டும் (ஸ்டாண்டில்) மைக்குகளைச் சேர்க்கும் சின்ன மிக்சரும்தான். யமஹா டிபிஆர்10 ஒவ்வொன்றும் பத்தரை கிலோ. யமஹாவின் எம்ஜி10எக்ஸ்யூ மிக்சரில் மைக் இன்புட் நான்கு, ஃபேன்டம் பவரும் எதிரொலி போன்ற எஃபெக்டும் உண்டு. தூக்க வேண்டியது அதிகம், கட்டி முடிக்கக் கூடுதல் நேரம் ஆகும். பதிலுக்கு, மைக்குகள் எல்லாம் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும், மிருதங்கத்தின் அடியைத் தாங்க ஸ்பீக்கரில் தாராளமாகத் திறன் மிச்சமிருக்கும். ஸ்பீக்கரின் ஹார்ன் (கூர்மையான ஒலி வரும் மேல் பகுதி) முன்வரிசைத் தலைகளுக்கு மேலே நிற்கட்டும். தாழ்த்தினால் முதல் வரிசைக்குக் காது வலிக்கும், கடைசி வரிசைக்குக் கேட்காது. மேடைக்கு மானிட்டர் வேண்டுமென்றால் மிக்சரின் ஆக்ஸ் (மானிட்டருக்குப் போகும் தனி வெளியீடு) பிரீ-ஃபேடரா, அதாவது சபை ஒலியின் ஏற்ற இறக்கம் அதைத் தொடாததா, என்று வாங்குமுன் கேளுங்கள். இல்லாவிட்டால் சபைக்கு ஏற்றும்போதெல்லாம் மேடையிலும் ஏறும்.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயம். வயலின், வீணையில் பீசோ பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வைப் பிடிக்கும் சின்ன உணரி) இருந்தால் நேரே மிக்சரின் லைன் இன்புட்டில் செருகாதீர்கள். அடிநாதம் செத்து ஒலி தகரமாகும். பிக்கப்பை மிக்சருக்குப் பொருத்தமாக்கும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி வழியாகக் கொடுங்கள்; அதன் இன்புட் ஒரு மெகாஓம் இருக்கட்டும். ஹம் என்ற ஓயாத இரைச்சல் வந்தால் மிக்சர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள், டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் பிடுங்கவே கூடாது, பாடகரின் கையோ உதடோ மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கலாம்.

மொத்தப் பணமும் கையில் இல்லையென்றால் மிக்சரும் ஒரு ஸ்பீக்கரும் முதலில் வாங்குங்கள். இந்த அளவு சபைக்கு மோனோவே (இடம், வலம் என்று பிரிக்காத ஒரே ஒலி) சரி. இரண்டாவது பிறகு வந்து சேரலாம்.