அப்பாவின் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்க வேண்டும்?

அப்பா இறந்து ஒரு மாதம் ஆனபின், அண்ணன் அக்காவிடம் கணக்கு கேட்டான். மூன்று வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ராத்திரி நாலு தடவை எழுந்து பார்த்தவள் அக்கா. பதிலே பேசாமல் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்து கட்டிலில் கவிழ்த்தாள். மருந்து பில், டயப்பர் பில், ஆம்புலன்ஸ் ரசீது, எல்லாம் இருந்தது. ஆனால் முதல் வருடத்து பில்களில் பாதி வெறும் வெள்ளைத் தாள். வழவழப்பான அந்த பில் தாளில் மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து பதிகிறது. நாள்பட நாள்பட மங்கி மறைந்துவிடும். அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. அக்கா ஒரு காசு எடுத்திருக்க மாட்டாள். ஆனாலும் அன்று விழுந்த விரிசல் முழுதாக மூடவில்லை. இப்போது அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அதனால், பெற்றவர்களின் பணத்தை யார், எப்படிக் கையாள்வது என்று ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க வேண்டியதாயிற்று.

பெரும்பாலான வீடுகளில் யாரும் யோசிக்காமலே அமைந்துவிடும் வழி, பார்த்துக்கொள்கிறவரிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துவிடுவது. அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தோம். சுலபம், மறுக்கவில்லை. அவசரத்துக்குக் காசு கையில் இருக்கும். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் தேதியும் எடுத்த தொகையும்தான் இருக்கும், எதற்குச் செலவானது என்று இருக்காது. தூரத்தில் இருப்பவர் கண்ணுக்கு அது வெறும் 'பணம் எடுத்தது, பணம் எடுத்தது' என்ற வரிசை. பின் நம்பரை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது வங்கிகளின் விதி. நாளைக்குத் தகராறு வந்தால் அங்கிருந்தும் உதவி கிடைக்காது.

இதைவிட ஜாயின்ட் அக்கவுன்ட் மேல் என்று பலர் சொல்வார்கள். கையெழுத்துத் தொல்லை குறையும், உண்மைதான். ஆனால் பெயரைச் சேர்ப்பது செலவு செய்ய மட்டுமா, மிச்சமும் அவருக்கா என்று அன்றைக்கே யாரும் பேசுவதில்லை. சில நாடுகளில் ஒருவர் இறந்ததும் மீதிப் பணம் மற்றவருக்கே சொந்தம். இந்தியாவில் 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற கணக்கில், ஒருவர் இறந்தால் வங்கி பணத்தை மற்றவரிடம் கொடுத்துவிடும். அப்படிக் கொடுத்துவிட்டதாலேயே மற்ற வாரிசுகளின் உரிமை போய்விடாது. இது தெரியாமல் 'என் பேர்லதானே இருக்கு' என்று ஒருவரும், 'திட்டம் போட்டுச் சேர்த்துக்கிட்டா' என்று இன்னொருவரும் பேச ஆரம்பிப்பார்கள். சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கை ஜாயின்ட் ஆக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பவர், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுப்பது கௌரவமான வழி. என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடலாம். ஆனால் பெற்றவரின் நினைவு தடுமாறும்போதுதான் அது மிகவும் தேவைப்படும். சாதாரண பவர் அங்கேதான் கைவிடும். இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவரின் மனநிலை தவறினால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் நினைவு போன பிறகும் செல்லும் பவரை அனுமதிக்கின்றன. ஆனால் அதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும், பயன்படுத்தும் முன் பதிவும் செய்திருக்க வேண்டும். இந்த மூன்று நாடுகளிலும் இறப்போடு பவர் முடிந்தது. இறந்த மறுநாள் சடங்குச் செலவுக்குத்தானே என்று எடுத்தாலும், அது பின்னால் கேள்வியாக வரும்.

அடுத்தது, பார்த்துக்கொள்வது ஒருவர், பணம் இன்னொருவர் கையில். கேட்க நியாயமாக இருக்கும். நாங்கள் நாலு மாதம் செய்து பார்த்தோம், பணம் அண்ணனிடம். ஒரு ராத்திரி டயப்பர் தீர்ந்துபோய் அக்கா போன் செய்தாள். 'போன வாரம்தானே வாங்கினே?' என்றான் அண்ணன். கணக்குக்காகக் கேட்டதுதான். ஆனால் வயிற்றுப்போக்கில் கிடந்த அப்பாவை அன்று ஆறு தடவை துடைத்தவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்? பராமரிக்கிறவரைக் கை நீட்ட வைக்கும் ஏற்பாடு, திருட்டைத் தடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

நான் இதற்கெல்லாம் மேலாக நினைப்பது செலவுக்கென்று ஒரு தனிச் சின்னக் கணக்கு. சேமிப்பு அம்மா பெயரில் அப்படியே இருக்கும். மாதம் ஒரு தொகை அங்கிருந்து இந்தக் கணக்குக்குப் போகும். செலவு செய்வது அக்கா மட்டும். ஆனால் ஸ்டேட்மென்ட் மாதாமாதம் மூன்று பேருக்கும் வரும். முடிந்தவரை கார்டிலேயே செலவு, பில்லை அன்றே போட்டோ எடுத்துவிடுவது. தவறு நடந்தாலும் ஒரு மாதப் பணத்தோடு நிற்கும். குறை இல்லாமல் இல்லை. திடீரென்று ஆஸ்பத்திரி என்றால் அந்தத் தொகை போதாது, அதற்கு யாரைக் கேட்பது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

அப்புறம், எந்த வழியை எடுத்தாலும் பேசியே ஆகவேண்டியது பார்த்துக்கொள்கிறவருக்கான பணம். அக்கா அன்று வேலையை விட்டாள். அதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சொந்தப் பிள்ளை காசு வாங்கலாமா என்று கூசுகிறோம். வெளியாளை வைத்திருந்தால் மாதச் சம்பளம் கொடுத்திருப்போம். வாய்விட்டுப் பேசாத இந்தப் பாக்கிதான் பின்னால் 'நான் செஞ்சதுக்கு வீடு எனக்கு' என்று வந்து நிற்கிறது. மாதம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, பெற்றவர் தெளிவாக இருக்கும்போதே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

போன மாதம் அம்மா முன்னால் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினோம். அக்காவுக்கான தொகையை அண்ணனே முதலில் சொன்னான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு, தன் பர்ஸில் மாதம் கொஞ்சம் பணம் வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

'அதுக்கு மட்டும் யாரும் என்கிட்ட கணக்கு கேக்கக் கூடாது' என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.