காட்டுக்குள் ஓர் உடற்பயிற்சிக் கூடம்: சுவிஸின் விற்றாபார்கூர் பாதைகள்

சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகும்போது காட்டின் ஓரத்தில் தென்படும் விற்றாபார்கூர் எனும் உடற்பயிற்சிப் பாதைகளின் பலகைகள் புதியவை அல்ல. நாடெங்கும் ஏறத்தாழ 500 இடங்களில் இப்பாதைகள் உள்ளன. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, திறக்கும் நேரம் பூட்டும் நேரம் என்றும் எதுவும் இல்லை. இருந்தும், குடும்பத்தோடு அவ்வழியே நடக்கிற நம்மில் பலர் அப்பலகைகளை நின்று வாசிப்பதில்லை. சூரிச் மாநிலத்தில் உள்ள சில பாதைகளைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், இவை யாருக்கு எவ்வளவு பயன் தரும், எங்கே குறைபடுகின்றன என்பதை எழுத விரும்புகிறேன். ஆண்டுக்குப் பல நூறு பிராங் கட்டிச் சேரும் உடற்பயிற்சி நிலையத்தில் சாதாரண மனிதர் ஒருவர் பெறக்கூடிய நன்மையில் பெரும்பகுதி இங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்பதே என் முடிவு.

முதற்பாதை 1968இல் சூரிச் நகரின் ஃப்ளுன்டர்ன் பகுதியில் திறக்கப்பட்டது. காட்டில் கிடந்த மரக்குற்றிகளையும் கிளைகளையும் வைத்துப் பயிற்சி செய்துவந்த உடற்பயிற்சிக் கழகத்தினரின் யோசனைக்கு ‘விற்றா’ என்ற ஆயுட்காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்து உதவியது. இன்று சூரிச் காப்புறுதி நிறுவனத்தின் ஆதரவு பெற்ற ஓர் அறக்கட்டளை எல்லாப் பாதைகளுக்கும் பொதுவான வடிவமைப்பையும் பலகைகளையும் கவனித்துக்கொள்கிறது. பாதையைக் கூட்டிப் பெருக்கி, உளுத்த கட்டையை மாற்றும் வேலை அந்தந்த ஊரின் நகரசபை, விளையாட்டுக் கழகம் போன்ற உள்ளூர் அமைப்புகளுடையது. இந்த இரட்டைப் பொறுப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அயல்நாடான ஜேர்மனியில் 1970இல் தொடங்கிய விளையாட்டு இயக்கத்தின் வேகத்தில் இதே மாதிரியான பாதைகள் ஊருக்கு ஊர் எழுந்தன. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் பல கவனிப்பாரின்றிச் சிதைந்து போயின. ஒன்றை அமைப்பதற்கு ஓர் ஆண்டின் உற்சாகம் போதும். அதை ஐம்பது ஆண்டு நிற்க வைப்பதற்கு, வருடந்தோறும் வந்து திருகாணியை இறுக்குகிற ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும். சுவிஸ் குடியியல் சட்டத்தின் 699ஆம் உறுப்புரை, தனியாருக்குச் சொந்தமான காடாக இருந்தாலும் வழமையான அளவில் பொதுமக்கள் உட்செல்ல உரிமை தருவதும் இப்பாதைகளுக்குப் பெரிய துணை.

பாதை பெரும்பாலும் 2 முதல் 3 கிலோமீற்றர் நீளமான ஒரு சுற்றாக, தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும். இடையில் 15 நிலையங்கள் இருக்கும். தொடக்க நிலையங்கள் கைகளைச் சுழற்றவும் இடுப்பை அசைக்கவும் சொல்லி உடம்பைச் சூடாக்குகின்றன. நடுவில் வருபவை வலுவுக்கானவை. கடைசியில் தசைகளை இழுத்துத் தளர்த்தும் பயிற்சிகள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பலகை உண்டு. எந்த நிலையில் தொடங்கி எந்த நிலையில் முடிக்க வேண்டும் என்பதைக் கோட்டுச் சித்திரம் காட்டும். எத்தனை தடவை செய்வது என்பது புதியவருக்கு ஓர் அளவாகவும் பழகியவருக்கு வேறோர் அளவாகவும் எழுதப்பட்டிருக்கும். நிலையத்துக்கு நிலையம் மெதுவாக ஓடலாம், முடியாதவர் விரைந்து நடக்கலாம். அந்த ஓட்டமும் பயிற்சியின் ஒரு பங்கு என்பதை மறந்து, கருவிகளை மட்டும் தேடிப் போகிறவர்கள் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

கருவிகளின் எளிமைதான் என்னை மிகவும் கவர்ந்தது. தண்டால் எடுப்பதற்கு முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை, வயிற்றுப் பயிற்சிக்குச் சரிவாகப் பதித்த ஒரு பலகை, தாண்டுவதற்குச் சில குற்றிகள், தொங்குவதற்கு இரும்புச் சட்டத்தில் சங்கிலியோடு இரண்டு வளையங்கள். நெடுநாள் புழக்கத்திலுள்ள கட்டை ஒன்றை அருகில் சென்று பாருங்கள்: இரு கைகளும் ஊன்றுகிற இடம் மட்டும் மெழுகு தேய்த்ததுபோல் வழவழப்பாக இருக்கும், முனைகளில் பாசி பிடித்திருக்கும். வளையங்களைத் தவிர அசையும் பாகம் என்று ஏதும் இல்லை. ஆகவே பழுதாவதற்கும் அதிகம் இல்லை. சென்னை மாநகராட்சிப் பூங்காக்களில் பரவலாக நிறுவப்பட்டுள்ள இரும்புக் கருவிகளோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவற்றில் சில, நின்றுகொண்டு கால்களை முன்னும் பின்னும் ஆட்டும் ஊஞ்சல் வகையைச் சேர்ந்தவை. மூட்டுகளுக்கு இதமான அசைவைத் தருமே தவிர, தசைக்கு எதிர்ப்பு ஏதும் தருவதில்லை. மேலும் உருளைத் தாங்கிகள் தேய்ந்து துருப்பிடித்துவிட்டால் கருவி முழுதுமே பயனற்றதாகி விடுகிறது. அங்கே கருவிகள் ஒரே மூலையில் கூட்டமாக நிற்பதால், எதற்குப் பின் எது என்ற ஒழுங்கும் பயிற்சி செய்பவருக்குக் கிடைப்பதில்லை.

“வேலையிலேயே உடம்பு முறிகிறது, அதற்குமேல் என்ன உடற்பயிற்சி?” என்று நம்மவர்கள் கேட்பதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். உணவகச் சமையலறையிலும், துப்புரவுப் பணியிலும், முதியோர் இல்லத்திலும் நாள் முழுவதும் நின்று உழைப்பவர்களின் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த உழைப்பு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, ஒரே இடுப்பையும் தோளையும் களைப்பாக்குகிறது. இதயத் துடிப்பைச் சிறிது நேரம் சீராக உயர்த்தி வைப்பதுமில்லை, முதுகைத் தாங்கும் தசைகளைத் தேடி வலுவாக்குவதுமில்லை. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவோடு, குறைந்தது 2 நாட்கள் தசை வலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மாலை நடை போகிறவர்கள் முதற்பகுதியை நிறைவு செய்துவிடுகிறார்கள். இரண்டாவதை நம்மில் மிகச் சிலரே செய்கிறோம். தெற்காசியர்களாகிய நமக்கு உடல் பருமன் அதிகமில்லாத நிலையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால், சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் தசையை வளர்ப்பது மற்றவர்களைவிட நமக்கு அவசியமானது. நடைப்பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்கள் அதே ஒரு மணி நேரத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ள இந்தப் பாதை உதவுகிறது.

குறைகளும் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் வேர்களும் ஏற்றங்களும் நிறைந்த காட்டுப்பாதை உகந்ததல்ல. வயதான நம் அம்மாமாரை அங்கே அழைத்துப் போவதைவிட, வீட்டுக்கு அருகில் உள்ள சமதரைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதே நல்லது. மழைக்குப் பின் மரக்கட்டைகள் வழுக்கும். வளையங்கள் குளிரில் கைகளை விறைக்க வைக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வேலை முடிந்து வரும் நேரத்தில் காடு இருண்டுவிடுவதால், தலைவிளக்கு இல்லாமல் மாலையில் செல்ல முடியாது. தனியாகச் செல்லும் பெண்கள் தயங்குவதற்கும் அதுவே காரணம், அந்தத் தயக்கம் நியாயமானது. நான் சென்ற ஓர் ஊரின் பாதையில் பலகை ஒன்று உடைந்து நெடுநாள் அப்படியே கிடந்தது; உள்ளூர்ப் பராமரிப்பு தளர்ந்தால் பாதையின் தரமும் தளரும் என்பதற்கு அது சான்று. வலுப் பயிற்சியில் ஓரளவு முன்னேறிய இளைஞர்களுக்குப் பாரத்தைக் கூட்ட வழியில்லாமல் இருப்பதும் ஒரு குறைதான்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது உண்ணியைப் பற்றியது. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை காட்டுப் புல்லிலும் புதர்களிலும் இருக்கும் இவ்வுயிர் கடித்தால் மூளைக்காய்ச்சலும் லைம் நோயும் தொற்றக்கூடும். முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு, குடும்ப வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்; இரண்டாவதற்கு நம்மிடம் தடுப்பூசி இல்லை. எனவே நீளக் காற்சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், கவட்டுப் பகுதி ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் எண்ணெய் பூசிக் காத்திராமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட வேண்டும். சில நாட்களிலோ வாரங்களிலோ கடிவாயைச் சுற்றிச் செந்தடிப்பு விரிந்தால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முதல் தடவை செல்பவர்கள் 15 நிலையங்களையும் முடிக்க முயல வேண்டாம். வளையத்தில் தொங்கி எழும்புவது பெரும்பாலானோருக்குத் தொடக்கத்தில் முடியாத காரியம். வெறுமனே தொங்கி நின்று இறங்குவதே தோளுக்கு நல்ல பயிற்சி. தண்டாலுக்கும் உயரமான கட்டையில் தொடங்கிப் பின்னர் தாழ்ந்ததற்கு மாறலாம். பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட சப்பாத்தும் ஒரு போத்தல் தண்ணீரும் போதுமானவை. இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டே வலு நிலையங்களைத் தொட வேண்டும். உங்கள் வீட்டுக்கு அருகில் எந்தப் பாதை உள்ளது, அதன் நீளமும் ஏற்றமும் எவ்வளவு என்பதை அறக்கட்டளையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏற்றம் குறைந்த ஒன்றையே முதலில் தேர்ந்தெடுங்கள்.