18 கேஜ் ராக் தட்டு கேட்டால் 22 கேஜ் கொடுக்கிறார்கள், உஷார்

கோவையில் கணபதி பக்கம் பட்டறையில் தட்டு அடித்து வாங்கி, சொந்தமாக ராக் பூட்டலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கேஜ் என்பது தகட்டின் கனத்தைக் குறிக்கும் எண், எண் கூடினால் தகடு மெலிசு. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை வேறு கடைகளிலும் செய்கிறார்கள் என்று கேள்வி.

வீட்டில் எண்ணெய், மசாலாப் பொடி வியாபாரம். சரக்கு வைக்க ஆறடி ராக் வேண்டியிருந்தது. ராக்கின் காலுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாக ஓட்டை போட்ட L வடிவ இரும்பு) 14 கேஜில் வாங்கினேன், 2 மி.மீ. சரியாக இருந்தது. வம்பு தட்டில்தான். மூன்றடிக்கு 15 இஞ்ச், நாலு பக்கமும் ஒன்றேகால் இஞ்ச் மடிப்பு, 18 கேஜ் சி.ஆர். ஷீட் (கோல்டு ரோல்டு இரும்புத் தகடு), மேலே பவுடர் கோட்டிங், மொத்தம் ஐந்து தட்டு. கொட்டேஷனில் ‘18 கேஜ்’ என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

பூட்டி முடித்து, ஒரு தட்டில் 15 கிலோ எண்ணெய் டின் நாலு வைத்தேன். அறுபது கிலோ. மறுநாள் காலையில் பார்த்தால் தட்டின் நடுப்பகுதி விரல் கனத்துக்கு இறங்கியிருக்கிறது. டின்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. முன்பக்க மடிப்பு உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தகடு, இந்த எடைக்கு இப்படி வளையாது.

தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் அசரவே இல்லை. கனம் அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்து விளிம்பில் கவ்வினார். “பாருங்க சார், ஒன்றரை எம்எம் காட்டுது. நீங்க கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கோம்.” எண் சரிதான், அளந்த இடம்தான் கோளாறு. கையைக் கிழிக்காமல் இருக்க நுனியை அரை இஞ்ச் மறுபடி உள்ளே மடித்து அழுத்தியிருப்பார்கள். அங்கே தகடு இரட்டை. அதோடு பெயின்ட் வேறு. பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60, 70 மைக்ரான் இருக்கும். எங்கே அளந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 0.12 மி.மீ.க்கு மேல் கூட்டிக் காட்டும். போல்ட் ஓட்டை பக்கத்தில் பெயின்ட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு அங்கே கவ்வச் சொன்னேன். 0.7. அதாவது 22 கேஜ்.

அப்புறம் பேச்சு மாறியது. “கேஜ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சார்.” கேஜில் ஒன்றுக்கு மேற்பட்ட அட்டவணை இருப்பது உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் அட்டவணையில் பார்த்தாலும் அமெரிக்க அட்டவணையில் பார்த்தாலும் 18 கேஜ் இரும்புத் தகடு 1.2 மி.மீ.யை ஒட்டித்தான் வரும். எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, அதில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. ஆகவே பில்லில் கேஜ் வேண்டாம், மி.மீ. எழுதச் சொல்லுங்கள். ‘பெயின்ட் இல்லாமல் 1.2’ என்றே எழுத வேண்டும்.

வெர்னியர் இல்லாதவர்கள் எடை போட்டால் போதும். ஒரு மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 7.85 கிலோ. என் தட்டை மடிப்பெல்லாம் விரித்துக் கணக்குப் போட்டால் 0.47 சதுர மீட்டர். 1.2 மி.மீ. என்றால் ஏறக்குறைய நாலரை கிலோ இருக்க வேண்டும். மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது 2.7 காட்டியது, அதுவும் பெயின்ட்டோடு. ஐந்து தட்டிலும் சேர்த்து ஒன்பது கிலோ இரும்பை விழுங்கியிருக்கிறார்கள்.

அரை மி.மீ.க்கு இவ்வளவு சண்டையா என்று வீட்டில்கூடக் கேட்டார்கள். மடிப்பில்லாத வெறும் தகட்டில் விறைப்பு, கனத்தை அதே கனத்தால் மூன்று தரம் பெருக்குகிற (கியூப்) கணக்கில் போகும், 0.7க்கும் 1.2க்கும் ஐந்து மடங்கு வித்தியாசம். மடித்த தட்டில் அவ்வளவு வராது, அங்கே மடிப்பின் உயரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் 18 கேஜ் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். துணி, பாத்திரம், ஃபைல் வைக்க மூன்றடித் தட்டுக்கு 20 கேஜும், வளையாமல் தாங்க அடியில் ஒரு இரும்புப் பட்டியும் தாராளம். எண்ணெய் டின், அரிசி மூட்டை என்றால் 18க்குக் கீழே இறங்காதீர்கள், பட்டியும் வைத்துவிடுங்கள். நாலடித் தட்டுக்குப் பட்டி இல்லாமல் ஆர்டரே கொடுக்காதீர்கள். பட்டியைக் கோட்டிங்குக்கு முன்பே வைத்துவிட வேண்டும். எனக்கு இதே தட்டில் அடியில் பட்டி வெல்டு வைத்துத் தருகிறோம், தனி சார்ஜ் என்றார்கள். 0.7 தகட்டில் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், பெயின்ட் கருகும். அதற்குக் காசு வேறா?

கடைசியில் மூன்று தட்டை மாற்றிக் கொடுத்தார்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே பட்டறைக்குப் போய் நானே அளந்து பார்த்தேன், 1.2 இருந்தது. மற்ற இரண்டையும் அட்டைப்பெட்டி வைக்க மேல் தட்டாகப் போட்டுவிட்டேன். அவற்றுக்கான வித்தியாசப் பணம் இன்னும் வரவில்லை. போன் செய்தால் “ஷீட் ரேட் ஏறிப்போச்சு சார்” என்கிறார்கள்.