அம்மாவின் முதுகெலும்பு முறிவும் பலூன் சிகிச்சையும்: எங்கள் அனுபவம்

அம்மாவுக்கு 78 வயது. விழவில்லை, அடிபடவில்லை. பாதி நிரம்பிய வாளியைக் குனிந்து தூக்கினார், அவ்வளவுதான். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே நான்கு நாளை வீணாக்கினோம். படுக்கையில் புரளும்போதும் எழும்போதும் உயிர் போவதுபோல் வலிக்கும். அசையாமல் படுத்துவிட்டால் அடங்கும். முறிவின் அடையாளமே அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்புபோல் இருந்தது.

மூன்று வாரம் மாத்திரையும் பெல்ட்டும். பலனில்லை, கழிவறைக்கே இரண்டு பேர் தாங்கிப் போக வேண்டியிருந்தது. பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். "இது புது முறிவும்மா, உள்ளே இன்னும் நீர் கோத்திருக்கு. கீழே இருக்கிறது பழசு, ஆறிடுச்சு, அதைத் தொட வேண்டாம்" என்று அம்மாவிடமே படத்தைக் காட்டி விளக்கினார் மருத்துவர். நசுங்கிய எலும்புக்குள் பலூனை ஊதி, அந்த இடத்தில் எலும்பு சிமெண்டை நிரப்பலாம் என்றார். பலூன் இல்லாமல் சிமெண்டை மட்டும் செலுத்தும் முறையைப் பற்றி 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் செலுத்தாமல் செலுத்தியதுபோலக் காட்டும் போலி சிகிச்சையைவிட அது கூடுதலாக வலியைக் குறைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். சிமெண்ட் கசியலாம், பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, அபூர்வமாக நரம்பை அழுத்தலாம், நுரையீரலுக்கும் போகலாம் என்றார். ஒன்றையும் மறைக்காததால்தான் சம்மதித்தேன்.

இந்தப் பலூன் சிகிச்சைக்குக் கைஃபோபிளாஸ்டி என்று பெயர். குப்புறப் படுக்கவைத்து, லேசான மயக்கத்தில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே முதுகின் இரு பக்கமும் சின்னத் துளை வழியாகக் குழாயைச் செலுத்துகிறார்கள். பலூனை ஊதி எலும்புக்குள் இடம் உண்டாக்கி, அதை எடுத்துவிட்டு எலும்பு சிமெண்டை நிரப்புகிறார்கள். சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார். தையல்கூட இல்லை, இரண்டு பிளாஸ்திரிதான். அன்று மாலையே என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடந்தார். முழு வலியும் போகவில்லை. தசைப்பிடிப்பு இன்னும் சில வாரம் இருந்தது. ஆனாலும் அந்த நடையைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

என் மனக்குறை அதற்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரை, கால்சியம், அவ்வளவே. எலும்பு ஏன் வாளித் தண்ணீருக்கே நொறுங்கியது என்று யாருமே கேட்கவில்லை! சிமெண்ட் அந்த ஒரு எலும்பைத்தான் தாங்கும், மற்றவை அதே பலவீனத்தோடுதானே இருக்கின்றன? நானாக வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அந்த அளவைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.4. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய், என்று கணக்கு. வைட்டமின் டி-யைச் சரிசெய்து, சிறுநீரகப் பரிசோதனையும் பார்த்த பிறகு, எலும்புப்புரைக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை டிரிப்பாகப் போட்டார்கள். மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது.

சிகிச்சை செய்த கைகளுக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்புப்புரைக்கு மருந்து இல்லையென்றால், கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.