பன்னிரண்டு கேஸுக்கான பணம் போச்சு: சர்ஜிக்கல் கைடு டிசைன் சேவை எடுக்கும் பல் மருத்துவர்கள் படியுங்கள்

இன்று காலை அந்த டிசைன் சேவைக்காரர்கள் என் புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஒரு பச்சை டிக் வேறு. எதுவும் தீரவில்லை. பன்னிரண்டு கேஸுக்கான பணத்தை முன்கூட்டியே கட்டி, ஒரே ஒரு கைடு (செயற்கைப் பல்வேரான இம்பிளாண்டை வைக்கும்போது பற்களின் மேல் மாட்டி ட்ரில்லுக்கு வழிகாட்டும் ரெசின் அச்சு) வாங்கி, அதையும் குப்பையில் போட்டிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுதமாட்டேன்.

சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாம் சிபிசிடி ஸ்கேனையும் (தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) வாய்க்குள் எடுத்த ஸ்கேனையும் ஏற்றினால், இம்பிளாண்ட் எங்கே எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று பிளான் போட்டு, கைடை டிசைன் செய்து, பிரிண்ட் எடுக்க ஃபைல் அனுப்பும் ஆன்லைன் சேவை. இந்த மாதிரி நிறைய இருக்கின்றன. நேர்மையாகச் செய்கிறவர்களும் கட்டாயம் இருப்பார்கள். எனக்கு வாய்த்தது இது.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் நம்புவீர்கள். முதல் கேஸ் இலவசம். வீடியோ அழைப்பில் வந்த டிசைனர் திரையைப் பகிர்ந்து, கீழ்த்தாடை நரம்புக் கால்வாயை ஸ்லைஸ் ஸ்லைஸாக நகர்த்தி வரைந்து காட்டினார். மென்டல் ஃபொராமென் (உதட்டுக்குப் போகும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் துளை) பக்கம் வந்ததும் நிறுத்தினார். "இங்க நரம்பு கொஞ்சம் முன்னால போய்த் திரும்புது டாக்டர். அதனால இம்பிளாண்ட் நீளத்தை 10 மில்லிமீட்டரா குறைச்சிருக்கேன், உங்களுக்குச் சரியா?" என்று கேட்டார். நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. தானாகப் பார்த்து, தானாகச் சொன்னார். என் நோயாளியை என்னைப் போலவே பார்க்கிற ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கைடும் கச்சிதமாக உட்கார்ந்தது, இம்பிளாண்ட் நினைத்த இடத்தில் போனது. அன்று இரவே பன்னிரண்டு கேஸ் பேக்கேஜுக்கு முழுப் பணம் கட்டினேன். தனித்தனியாகக் கட்டுவதைவிடக் குறைவு என்றார்கள். பன்னிரண்டு கேஸ்!

அந்த டிசைனரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

பணம் கட்டிய முதல் கேஸ். கீழ்த்தாடை இடது பக்கம் முதல் கடைவாய்ப்பல் இல்லாத ஒரு அம்மா. வாயில் மூன்று உலோக கிரவுன்கள் (பல் மேல் போடும் உறைகள்). பிளான் பிடிஎஃப் வந்தது, இரவு பதினொரு மணிக்கு போனில் பார்த்தேன். எலும்பில் இம்பிளாண்ட் அழகாக நின்றது, நரம்புக்கு மேல் 2 மில்லி இடைவெளி என்று எழுதியிருந்தது. அப்ரூவ் பட்டனை அழுத்திவிட்டேன். அந்த அழுத்தலைத்தான் இன்றுவரை என் முகத்தில் வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை சர்ஜரி. கைடு பற்களின் மேல் கிளிக்கென்று உட்கார்ந்தது. ஆட்டமில்லை. கைடில் விட்டிருக்கும் பார்வை ஜன்னல்கள் வழியாகப் பார்த்தால் பல்லுக்கும் ரெசினுக்கும் நடுவே முடியளவு இடைவெளிகூட இல்லை. ஈறைத் திறக்காமல் வட்டமாகத் திசுவை மட்டும் எடுத்து, முதலில் போடும் 2 மில்லி பைலட் ட்ரில்லை 6 மில்லி ஆழத்தோடு நிறுத்தி, அந்தத் துளையில் ஒரு உலோகப் பின்னைச் செருகி ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். பழக்கம்தான், சந்தேகப்பட்டு எடுக்கவில்லை.

திரையில் அந்த உலோகப் பின், வாயின் முன்பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துச் சிறு கடைவாய்ப்பல்லின் வேர் நுனியை நோக்கி நின்றது. அதற்குக் கீழே இருப்பது மென்டல் ஃபொராமென். முழு ஆழத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதைப் படிக்கிற மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவின் கீழ் உதடு ஆயுசுக்கும் மரத்துப் போயிருக்கலாம். அவர் வாயில் துணியோடு, "ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லி, மூடி, வீட்டுக்கு அனுப்பினேன்.

கைடு அவ்வளவு நன்றாக உட்கார்ந்தும் ட்ரில் எப்படித் தப்பான இடத்துக்குப் போகும்? இது எனக்கே அன்று இரவுதான் உறைத்தது. கைடின் உட்புறம் வாய் ஸ்கேனிலிருந்து வருகிறது. இம்பிளாண்டின் இடமோ சிபிசிடியில் தெரியும் எலும்பைப் பார்த்து வைப்பது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவதில் பிசகிவிட்டால், கைடு பல்லில் பிரமாதமாக உட்காரும், துளை மட்டும் வேறு இடத்தில் இறங்கும். ஜன்னல் வழியாக எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது. உலோக கிரவுன் இருக்கும் வாயில் சிபிசிடி முழுக்க வெள்ளைக் கோடுகளாகச் சிதறும். அங்கே புள்ளி வைத்துப் பொருத்தக் கூடாது. சுத்தமான பற்களைத் தேடி, இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும்.

பிடிஎஃப்பை மறுபடி பெரிய திரையில் திறந்தேன். நான்காம் பக்கம், ஓரத்தில் ஒரு சின்னப் படம். பல்லின் வெள்ளை உருவத்தின் மேல் வாய் ஸ்கேனின் மஞ்சள் கோடு ஓடுகிறது. கோடு பல்லின் விளிம்பில் இல்லை. ஒரு மில்லிக்கு மேல் விலகி, பல்லுக்கு வெளியே காற்றில் நிற்கிறது. அவர்கள் திரையிலும் இதே படம்தானே இருந்திருக்கும்? ஒருவர்கூடவா பார்க்கவில்லை?

எல்லாம் சரியாகச் செய்தாலே கைடு சர்ஜரியில் நுழையும் இடத்தில் சராசரியாக 1.2 மில்லி, நுனியில் 1.4 மில்லி, கோணத்தில் 3.5 டிகிரி விலகல் வரும் என்று 2018-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அதைத் தாங்கத்தான் நரம்புக்கு மேல் அந்த 2 மில்லி. இவர்கள் கம்ப்யூட்டரிலேயே அதில் பாதிக்கு மேல் தின்றுவிட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் பதில், "உங்கள் ஸ்கேனின் தரம் குறைவு." குறைவென்றால் பிளான் போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? அடுத்த நாள் வேறொருவர், "ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி அசைந்திருக்கலாம்." மூன்றாவது ஆள், "பிளானை நீங்கள்தான் அப்ரூவ் செய்தீர்கள்." ஆமாம், செய்தேன். நான்காம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதது என் தப்பு, அதை அந்த அம்மாவிடமே ஒப்புக்கொண்டேன். ஆனால் பொருத்துவது அவர்கள் வேலை, அதற்குத்தான் பணம். பிளானின் மூல ஃபைலைக் கேட்டேன், தர மாட்டார்களாம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பேக்கேஜ் கிரெடிட்டாக மட்டும் இருக்குமாம், 90 நாளில் காலாவதியாகுமாம். கடைசியில், "நல்லெண்ணமாக ஒரு கேஸ் இலவசம்." பன்னிரண்டு கேஸ் பணம் போட்டவனுக்குப் பதின்மூன்றாவது கேஸ்! எந்த வாயில் கொண்டுபோய் வைப்பேன் அதை?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், கேஸுக்குக் கேஸ் கட்டுங்கள். இலவச கேஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதற்கு அவர்கள் தங்கள் நல்ல ஆளைப் போடுவார்கள். உலோகம் அதிகமுள்ள ஒரு கடினமான கேஸைக் காசு கொடுத்தே செய்யச் சொல்லிப் பாருங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது, மூல ஃபைலும் வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். மஞ்சள் கோட்டை எல்லாத் திசையிலும் பார்க்காமல் அப்ரூவை அழுத்தாதீர்கள், போனில் பார்க்கவே பார்க்காதீர்கள். ஸ்லீவ் (கைடில் ட்ரில் நுழையும் வளையம்) உயரமும் ட்ரில் நீளமும் உங்கள் சர்ஜரி கிட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். பைலட் ட்ரில்லுக்குப் பிறகு எக்ஸ்ரே, எவ்வளவு அவசரமானாலும்.

அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் தையல் பிரிக்க வேண்டும். துளை ஆறிய பிறகு புதிதாக ஸ்கேன் எடுத்து, நானே பிளான் போட்டு, என் செலவில் வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டை மறுபடியும் திறந்துவிட்டேன். பதினொரு கிரெடிட் இன்னும் என் கணக்கில் நிற்கிறது, 71 நாள் பாக்கி என்று காட்டுகிறது.